பிளான் கைக்கு வந்த பிறகு கட்டடக் கலைஞருக்கு என்ன வேலை?

சகோதரி, உங்கள் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சுங்கை சிப்புட்டில் தோட்டத்தை ஒட்டி அப்பா வாங்கிப் போட்ட கால் ஏக்கர் நிலம். அப்பா காலமாகிவிட்டார். அண்ணன், நீங்கள், தங்கை மூவரும் பணம் போட்டு, அம்மாவும் அண்ணன் குடும்பமும் இருக்க மாடி வைத்த ஒரு வீடு கட்டப் பார்க்கிறீர்கள். ஈப்போவில் போய்ப் பார்த்த கட்டடக் கலைஞர் தன் கட்டணத்தை ஐந்து கட்டமாகப் பிரித்துக் கேட்கிறார். வீட்டு வேலை எடுத்துச் செய்யும் உங்கள் மாமாவோ, "எனக்குத் தெரிஞ்ச பிளான்காரரு மூணு வாரத்துல போட்டுக் குடுத்துருவாரு, இதுல கால்வாசிதான் ஆகும்" என்கிறார். பிளான் கைக்கு வந்த பிறகு கட்டடக் கலைஞருக்கு என்ன வேலை, அதற்கு ஏன் நாங்கள் தொடர்ந்து பணம் கொடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கட்டணம் நியாயமா என்ற ஒரு வரியோடு இதை முடித்துவிட முடியாது. ஒவ்வொரு கட்டத்திலும் உங்கள் கைக்கு என்ன வர வேண்டும், நீங்கள் எதை முடிவு செய்து கொடுக்க வேண்டும், எந்த இடத்தில் மனசு மாறினால் எவ்வளவு நஷ்டம், இந்த மூன்றும் தெரிந்தால்தான் அந்தக் கட்டணம் உங்களுக்குக் கட்டுப்படியாகுமா என்று சொல்ல முடியும். நான் பதிவு பெற்ற கட்டடக் கலைஞன். பேராக்கில் வீடுகள், கோயில் மண்டபங்கள், பள்ளிக் கட்டடங்கள் என்று பல வருஷமாக இதே வேலை. ஆனால் உங்கள் நிலத்தையோ அதன் கிராண்டையோ, அதாவது நில உரிமைப் பத்திரத்தையோ, நான் பார்க்கவில்லை. அதனால் சட்டமும் நடைமுறையுமாக உறுதியாக இருப்பதை உறுதியாகச் சொல்கிறேன். உங்கள் நிலத்தைப் பொறுத்தது என்றால் அதையும் அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் நேரடி விடை. மலேசியாவில் 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70ஆம் பிரிவுப்படி, ஊராட்சி மன்றம் ஒப்புதல் கொடுத்த வரைபடம் இல்லாமல் யாரும் கட்டடம் எழுப்பக் கூடாது. அந்த வரைபடத்தைத் தாக்கல் செய்து பொறுப்பேற்கிறவரைத் தொழிலில் பிஎஸ்பி என்போம். பதிவு பெற்ற கட்டடக் கலைஞர், பதிவு பெற்ற பொறியியலாளர், சிறிய கட்டடங்கள் என்றால் பதிவு பெற்ற வரைவாளர், இவர்கள்தான் அந்த இடத்தில் கையெழுத்துப் போட முடியும். முன்பெல்லாம் வீடு முடிந்ததும், குடியேறலாம் என்ற சிஎஃப் சான்றிதழை ஊராட்சி மன்றமே கொடுத்தது. 2007 ஏப்ரல் 12ஆம் தேதியிலிருந்து சிஎஃப் போய், அதன் இடத்தில் சிசிசி என்ற சான்றிதழ் வந்துவிட்டது. சிசிசியைக் கொடுப்பவர் அந்த பிஎஸ்பிதான். வீடு ஒப்புதல் பெற்ற வரைபடப்படி கட்டப்பட்டிருக்கிறது, குடியேறலாம் என்று தன் பெயரைப் போட்டுச் சொல்கிறார். பின்னால் ஏதாவது ஆனால் அவர் பதில் சொல்லியாக வேண்டும். அப்படிக் கையெழுத்துப் போட வேண்டியவர் அஸ்திவாரத்தையும் கம்பியையும் கண்ணால் பார்த்திருக்க வேண்டாமா? பிளான் கைக்கு வந்த பிறகும் அவருக்கு வேலை இருப்பது இதனால்தான். என்னைக் கேட்டால் பாதி வேலை அப்புறம்தான்.

மாமா சொல்லும் பிளான்காரரைக் குறைத்துப் பேச மாட்டேன். கட்டடக் கலைஞர்களையும் வரைவாளர்களையும் பதிவு செய்யும் வாரியமான லெம்பாகா அர்கிடெக் மலேசியாவில் அவர் பதிவு பெற்ற வரைவாளராக இருந்து, உங்கள் வீடு அவருக்கு அனுமதித்த அளவுக்குள் இருந்தால், சட்டப்படி அவரே தாக்கல் செய்யலாம், சிசிசியும் கொடுக்கலாம். நல்ல வரைவாளர்கள் கட்டிக் கொடுத்த நல்ல வீடுகளை நம் ஊர்களில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. பதிவே இல்லாத ஒருவர் வரைந்து, வேறு ஊரில் இருக்கும் யாரிடமோ கையெழுத்து மட்டும் வாங்கிவருவது. அந்தக் கையெழுத்துக்காரர் உங்கள் நிலத்தை மிதித்திருக்கவே மாட்டார். சிசிசி நேரத்தில் அவரைத் தேடினால் போனை எடுக்க மாட்டார். ஆகவே மாமாவிடம் கோபப்படாமல் இதை மட்டும் கேளுங்கள்: "மாமா, சிசிசியில கையெழுத்துப் போடப்போறவரு யாரு? அவரை நாங்க நேர்ல பார்க்கணும்." அவர் பெயர் பதிவில் இருக்கிறதா என்று லெம்பாகாவின் இணையப் பட்டியலில் யாரும் தேடிப் பார்க்கலாம். பதிவு பெற்ற கட்டடக் கலைஞர் என்றால் பெயருக்கு முன்னால் ‘ஏஆர்’ என்று போட்டுக்கொள்வார். இந்தப் பட்டம் 1967ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர் சட்டத்தின் கீழ் வருவது. கண்டவர்கள் போட்டுக்கொள்ள முடியாது.

யாரை வைப்பது என்று முடிவு செய்யும் முன்பே ஒரு வேலை இருக்கிறது. நிலம். அப்பா பெயரிலேயே கிராண்டு இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வரைபட விண்ணப்பத்தில் நில உரிமையாளர் கையெழுத்து வேண்டும். காலமானவர் கையெழுத்துப் போட முடியாது. அப்பா உயில் எழுதவில்லை என்றால், சொத்தின் மதிப்பு சட்டம் சொல்லும் வரம்புக்குள் இருக்கும்வரை, நில அலுவலகத்தில் பூசாக்கா என்ற வாரிசுச் சொத்துப் பிரிவில் விண்ணப்பித்து வாரிசுகள் பெயருக்கு மாற்றலாம். மூவரும் அம்மாவும் ஒத்துப்போகிற குடும்பத்துக்கு இது பெரிய தலைவலி இல்லை, ஆனால் மாதக்கணக்கில் இழுக்கும். யார் எவ்வளவு பணம் போடுகிறார்கள், வீடு யார் பெயரில் நிற்கும் என்பதையும் இப்போதே பேசி எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் தங்கை பேச்சுவார்த்தை இல்லாமல் போன வீடுகளில் பாதிக்கு மேல் இந்தப் பேச்சைத் தள்ளிப் போட்டதுதான் காரணமாக இருந்தது.

கிராண்டு கையில் இருக்கும்போதே அதில் நிலத்தின் வகையையும், நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற நிபந்தனையைச் சொல்லும் ‘ஷரத் ஞாத்தா’ என்ற வரியையும் படியுங்கள். தோட்டத்தை ஒட்டிய நிலம் என்பதால் ‘பெர்தானியான்’ என்று, அதாவது விவசாய நிலம் என்று இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. விவசாய நிலத்தில் உரிமையாளர் தான் குடியிருக்க ஒரு வீடு கட்டிக்கொள்ள தேசிய நிலச் சட்டம் சில வரம்புகளோடு இடம் கொடுக்கிறது. ஆனால் கிராண்டில் உள்ள நிபந்தனை அதைத் தடுக்கிறதா, நிலத்தைக் கட்டட வகைக்கு மாற்றிவிட்டு வாருங்கள் என்று சொல்வார்களா என்பதெல்லாம் கிராண்டைப் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது. வகை மாற்ற வேண்டும் என்றால் மாநில அரசு ஒப்புதல் வேண்டும், அதற்குப் பிரீமியம் என்ற கட்டணத்தைக் கட்ட வேண்டும். இந்தச் செலவு உங்கள் கணக்கில் இப்போதைக்கு இல்லை. நல்ல கட்டடக் கலைஞர் பென்சிலை எடுப்பதற்கு முன் கிராண்டைத்தான் கேட்பார். நீங்கள் பார்த்தவர் கேட்டாரா?

அடுத்தது அவரோடு எழுத்து ஒப்பந்தம். கட்டணத்தைக் கட்டடச் செலவில் இத்தனை விழுக்காடு என்று வைப்பது வழக்கம். அதற்கு 2010ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கட்டண விதிகள் இருக்கின்றன. செலவு குறையக் குறைய விழுக்காடு கூடும். சிறு வீட்டுக்கு இவ்வளவா என்று நீங்கள் மலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். அந்தத் தொகைக்குள் கட்டமைப்புப் பொறியியலாளர் வருகிறாரா, நில அளவையாளர் வருகிறாரா, ஊராட்சி மன்றத்துக்குக் கட்டும் கட்டணம், அச்சுச் செலவு, சேவை வரி இதெல்லாம் தனியா என்று வரி வரியாகக் கேளுங்கள். பெரும்பாலும் தனிதான். நடுவில் நிறுத்தினால் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதும் அதில் இருக்க வேண்டும். முடிந்த கட்டத்துக்குக் கொடுத்துவிட்டு விலகலாம் என்பதுதான் பொது வழக்கம். கட்டணத்தை ஐந்தாகப் பிரிப்பதால் உங்களுக்குக் கிடைக்கும் பாதுகாப்பே இதுதான். வரைபடத்தின் பதிப்புரிமை அவருடையது, உங்களுக்கு இருப்பது அந்த நிலத்தில் கட்டிக்கொள்ளும் உரிமை. பாதியில் வேறு ஆளிடம் போக நினைத்தால் பழையவருக்குத் தெரியப்படுத்தி, கணக்கை முடித்துவிட்டுப் போக வேண்டும்.

முதல் கட்டம் உருவரை, அதாவது வீட்டின் முதல் வரைவு. இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் எழுதப்போகிறேன், ஏனென்றால் மனசை மாற்றிக்கொள்ள மிக மலிவான இடம் இதுதான். இங்கே ஒரு சுவரை நகர்த்த ஒரு ரப்பரும் பென்சிலும் போதும். அஸ்திவாரம் போட்ட பிறகு அதே சுவரை நகர்த்தினால் பொறியியலாளர் கணக்கு, திருத்திய வரைபடம், கொன்ட்ராக்டரின் கூடுதல் பில் என்று மூன்று பக்கம் பணம் போகும். ஆகவே அவசரப்படாதீர்கள்.

பெரும்பாலான குடும்பங்கள் கட்டடக் கலைஞரிடம் கொண்டுபோவது "நாலு ரூம், மூணு பாத்ரூம்" என்ற பட்டியலைத்தான். அது போதாது. வீட்டில் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று சொல்லுங்கள். காலையில் முதலில் எழுவது யார், அம்மா எத்தனை மணிக்கு விளக்கேற்றுவார், துணி எங்கே காயும், தீபாவளிக்கு எத்தனை கார் வரும், யாராவது தவறிவிட்டால் பந்தல் எங்கே போடுவது. தோட்ட லயத்தில் வளர்ந்த அம்மாக்கள் பலர் அஞ்சடி, அதாவது முன்வாசலில் கூரை போட்ட திண்ணை, வேண்டும் என்பார்கள். பிள்ளைகள் அதைப் பழைய ஞாபகம் என்று தள்ளிவிட்டு, அந்த இடத்தையும் ஹாலில் சேர்த்துப் பெரிதாக்கச் சொல்வார்கள். நான் அம்மா பக்கம்தான் நிற்பேன். முன்பக்கம் நல்ல ஆழமாக ஒரு அஞ்சடி இருந்தால் சாய்ந்தடிக்கும் மழை வாசலுக்கு வராது, சுவரில் வெயில் விழாது, சாயங்காலம் உட்கார இடம், வருகிறவர்கள் செருப்பைக் கழற்ற இடம். நம் வெயிலுக்கும் மழைக்கும் அது சரியான பதில். மேற்குச் சுவரில் படுக்கையறையை வைத்துவிட்டு அப்புறம் பெரிய ஏர்கோன் வாங்குவதைவிட, அந்தப் பக்கம் மாடிப்படி, குளியலறை, ஸ்டோர் என்று வைக்கச் சொல்லுங்கள். அம்மாவின் அறை கீழே, கூடவே குளியலறை, சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் கதவு. இன்றைக்கு அவர் திடமாக நடக்கலாம். வீடு முப்பது நாற்பது வருஷம் நிற்கப்போகிறது.

உருவரை ஓரளவு பிடிபட்டதும் நான் குடும்பத்தை நிலத்துக்கே அழைத்துப்போய், கயிறும் சுண்ணாம்புத் தூளும் வைத்து அறைகளைத் தரையில் போட்டுக் காட்டுவேன். காகிதத்தில் தலையாட்டியவர்கள் அங்கே பேச ஆரம்பிப்பார்கள். ஒரு வீட்டில் பாட்டி ஒருவர் சுண்ணாம்புக் கோட்டுக்குள் அடுப்பு வரும் இடத்தில் போய் நின்று பார்த்துவிட்டு, "இங்கருந்து பார்த்தா வாசல்ல யாரு வர்றாங்கன்னே தெரியலையே" என்றார். அடுப்படியை மூன்று அடி நகர்த்தினோம். காசு ஒன்றும் ஆகவில்லை. உங்கள் கட்டடக் கலைஞரிடம் இதைக் கேளுங்கள். மறுக்க மாட்டார்.

வாஸ்து பார்ப்பவர்கள் பார்க்கும் நேரமும் இதுதான். எனக்கு அதில் நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது முக்கியமில்லை. வீட்டில் யாருக்காவது இருந்தால் அவர்கள் மதிக்கும் வாஸ்துக்காரரை இந்தக் கட்டத்திலேயே கூட்டிவாருங்கள். ஒப்புதல் வந்த பிறகு வந்து "நிலைவாசல் இங்க இருக்கக் கூடாதே" என்றால் எல்லாருக்கும் மனக்கஷ்டம், செலவு. உருவரை முடியும்போது உங்கள் கையில் அறைகளின் தளவரைபடம், வெளித்தோற்றம், தோராயச் செலவு மதிப்பீடு மூன்றும் இருக்க வேண்டும். மதிப்பீடு இல்லாமல் அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள். உங்களிடம் இருக்கும் பணத்தில் கட்டக்கூடிய வீட்டைத்தான் அவர் வரைந்திருக்கிறாரா என்று தெரிவது அதில்தான். எழுதும்போது சதுர அடிக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டிருந்தீர்கள். மண்ணைப் பார்க்காமல் நான் ஒரு எண் சொன்னால் அது ஏமாற்று.

மண் என்றதும் இரண்டாம் கட்டத்துக்கு வந்துவிட்டோம். விரிவான வடிவமைப்பில் கட்டமைப்புப் பொறியியலாளர் உள்ளே வருவார். தோட்டத்துப் பக்க நிலங்களில் பள்ளத்தைத் தூர்த்து மேடாக்கியது நிறைய உண்டு. மேலே பார்த்தால் கெட்டியாகத் தெரியும், மூன்றடி தோண்டினால் பழைய சேறு. வீட்டு அளவுக்கு மெக்கின்டாஷ் புரோப் என்ற எளிய சோதனை இருக்கிறது. கம்பியைச் சுத்தியலால் அடித்து இறக்கி, ஒவ்வொரு அடி ஆழத்துக்கும் சுத்தியல் எத்தனை முறை விழுகிறது என்று எண்ணிப் பார்ப்பது. வீட்டுச் செலவில் இது ஒன்றுமே இல்லை. இதைத் தவிர்த்துவிட்டுக் கட்டிய வீடுகளில் சுவர் வெடித்து, சமையலறை ஒரு பக்கம் இறங்கியதைச் சரிசெய்யக் கூப்பிட்டிருக்கிறார்கள். அப்போது என்னால் பெரிதாக ஒன்றும் செய்ய முடிவதில்லை. இன்னொன்று கரையான். உங்கள் நிலத்தில் முன்பு பால்மரம் நின்றிருந்தால் கட்டையையும் வேரையும் முழுசாகத் தோண்டி எடுக்கச் சொல்லுங்கள். பால்மரத்தையும் செம்பனையையும் அரிக்கும் கரையான் வகை நம் மண்ணில் இருக்கிறது. மண்ணுக்குள் விட்டுப்போன வேரில் அது கூடு கட்டி, வீடு வந்ததும் கதவு நிலைக்கு ஏறும். தளம் போடும் முன் மண்ணுக்கு மருந்து அடிப்பதை இந்தக் கட்டத்திலேயே வரைபடக் குறிப்பில் எழுதிவிட வேண்டும். கூரை, ஓடு, ஜன்னல், தண்ணீர்க் குழாய், மின்சாரப் புள்ளிகள், கழிவுநீர்த் தொட்டி எல்லாம் இங்கேதான் முடிவாகும். மற்றபடி இந்தக் கட்டத்தில் உங்களுக்கு வேலை குறைவு.

அப்புறம் தாக்கல். சுங்கை சிப்புட் கோலகங்சார் நகராண்மைக் கழகத்தின் கீழ் வருகிறது. விண்ணப்பம் அங்குள்ள ஓஎஸ்சி என்ற ஒரே முகப்புக்குப் போய், அங்கிருந்து மற்ற துறைகளின் கருத்துக்குப் போகும். தனி வீட்டுக்கு முதலில் திட்டமிடல் அனுமதி தனியாக வாங்க வேண்டுமா என்பது நிலத்தின் வகையைப் பொறுத்தது. உங்கள் கட்டடக் கலைஞர் கவுன்டரில் கேட்டுச் சொல்வார். வரைபடம் 1984ஆம் ஆண்டின் சீரான கட்டடத் துணைச் சட்டங்களுக்கு ஒத்துப்போக வேண்டும். அறைகளில் ஒன்றாவது 11 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது, இரண்டாவது 9.3, மற்றவை ஒவ்வொன்றும் 6.5. அடி கணக்கில் சுமார் 118, 100, 70 சதுர அடி. ஹால், படுக்கையறைகளின் கூரை உயரம் 2.5 மீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். வெளிச்சத்துக்கு ஜன்னல் தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்காவது, காற்றுக்குத் திறக்கும் பகுதி இருபதில் ஒரு பங்காவது. இவை குறைந்தபட்சம்தான். நம் சூட்டுக்கு நான் இதைவிடக் கூட்டித்தான் வைப்பேன். ஒப்புதல் எத்தனை நாளில் வரும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள். ஒரு துறை கேள்வி கேட்டால் பதில் கொடுத்து மறுபடியும் காத்திருக்க வேண்டும். வந்த ஒப்புதலுக்கும் ஆயுசு உண்டு. 12 மாதத்துக்குள் வேலை ஆரம்பிக்கவில்லை என்றால் காலாவதியாகிவிடும். பணம் சேரட்டும் என்று கோப்பைப் பீரோவில் வைத்துவிடாதீர்கள்.

மூன்றாம் கட்டம் ஒப்பந்த ஆவணங்கள். "ஒப்புதல்தான் வந்துடுச்சே, ஆரம்பிச்சுடலாம்" என்று குடும்பங்கள் தாண்டிக் குதிக்கும் கட்டம் இது. தயவுசெய்து தாண்டாதீர்கள். நகராண்மைக் கழகத்துக்குப் போகும் வரைபடத்தில் சுவர் எங்கே என்று இருக்கும். என்ன செங்கல், எத்தனை பூச்சு, எந்த வகைக் குழாய், தரை ஓடு என்ன விலை என்று அதில் இருக்காது. அதையெல்லாம் எழுதி வைத்துக் கொன்ட்ராக்டர்களிடம் விலை கேட்டால்தான் மூன்று பேர் கொடுக்கும் விலையும் ஒரே வீட்டுக்கான விலையாக இருக்கும். எழுதாமல் கேட்டால் குறைந்த விலைக்காரர் எதை விட்டுவிட்டுக் குறைத்தார் என்று வேலை பாதியில்தான் தெரியும். ஓடு, குழாய்ச் சாமான், சமையலறை அலமாரி போன்று பிறகு தேர்ந்தெடுக்கப்போகும் பொருள்களுக்கு, சதுர அடிக்கு இவ்வளவு, ஒரு செட்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை ஒதுக்கி எழுதிவையுங்கள். கடையில் போய் அதற்கு மேல் எடுத்தால் வித்தியாசம் உங்களுடையது என்று எல்லாருக்கும் முன்கூட்டியே தெரியும்.

மாமா விஷயத்துக்கு இங்கே வருகிறேன். மாமாவுக்கு வேலை கொடுப்பது தப்பில்லை. சொந்தக்காரர் என்பதற்காக ஒதுக்க வேண்டியதும் இல்லை. மற்றவர்களோடு அவரும் அதே ஆவணத்துக்கு விலை கொடுக்கட்டும். கொன்ட்ராக்டர்களைப் பதிவு செய்யும் சிஐடிபி வாரியத்தில் அவருக்கு இருக்கும் தரம் இந்தத் தொகைக்கு வேலை எடுக்கப் போதுமா என்று பாருங்கள். கிடைத்தால் மற்றவர் யாருக்கும் போடுகிற அதே ஒப்பந்தத்தை அவரோடும் போடுங்கள். பாம் என்ற மலேசியக் கட்டடக் கலைஞர் சங்கம் வெளியிடும் ஒப்பந்தப் படிவத்தைத்தான் நாங்கள் வழக்கமாக வைத்துக்கொள்வோம். "மாமாகிட்ட எப்படிக் கையெழுத்துக் கேக்கறது" என்று கூச்சப்படாதீர்கள். உறவு கெடாமல் இருக்கத்தான் இந்தக் காகிதம்.

நான்காம் கட்டம் கட்டுமானம். ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கட்டடக் கலைஞர் தினமும் வெயிலில் நின்று மேஸ்திரி வேலை பார்ப்பவர் அல்ல. குறித்த இடைவெளியில், குறித்த வேலைகளின்போது வந்து பார்ப்பார். தினமும் ஆள் வேண்டும் என்றால் அதற்குத் தனியாக ஒருவரை வைக்க வேண்டும், தனிச் செலவு. ஆனால் அவர் வந்தே ஆக வேண்டிய நாள்கள் சில உண்டு. சிசிசிக்காக ஜி1 முதல் ஜி21 வரை படிவங்கள் இருக்கின்றன. மண் வேலை, அளவு குறித்தல், அஸ்திவாரம், கட்டமைப்பு, குழாய், மின்சாரம் என்று ஒவ்வொரு பாகத்துக்கும் ஒன்று. அதைச் செய்த கொன்ட்ராக்டரும் மேற்பார்வை பார்த்த நிபுணரும் அதில் கையெழுத்துப் போடுவார்கள். எல்லாப் படிவமும் எல்லா வீட்டுக்கும் வராது, லிஃப்ட் இல்லாத வீட்டுக்கு லிஃப்ட் படிவம் எதற்கு. ஆனால் அஸ்திவாரப் படிவம் எந்த வீட்டுக்கும் உண்டு, அந்த அஸ்திவாரம் கான்கிரீட் ஊற்றிய பிறகு யார் கண்ணுக்கும் தெரியாது.

அதனால் அஸ்திவாரத்துக்குக் கான்கிரீட் வரும் நாளுக்கு முந்தைய நாளைத்தான் நான் இந்த வேலையிலேயே முக்கியமான நாளாக வைத்திருக்கிறேன். குழிக்குள் இறங்கிப் பார்ப்போம். அடியில் தண்ணீர் நிற்கிறதா, கம்பியின் தடிமனும் எண்ணிக்கையும் பொறியியலாளர் வரைபடத்தில் உள்ளபடி இருக்கிறதா, கம்பி மண்ணில் படாமல் சிறு கான்கிரீட் கட்டைகள் மேல் தூக்கி நிற்கிறதா. அந்தச் சிறு கட்டை ஒரு விரல் நீளம்தான் இருக்கும். அதற்குப் பதிலாக உடைந்த செங்கல் துண்டை வைத்துவிடுவார்கள். செங்கல் ஈரத்தை உறிஞ்சும், கம்பி துருப்பிடிக்கும், சில வருஷம் கழித்துக் கான்கிரீட் பிளந்து உதிரும். "சின்னதுதானே சார்" என்பார்கள். எல்லாவற்றையும் எடுத்து மாற்றிய பிறகுதான் கான்கிரீட் வண்டிக்குப் போன் செய்ய விடுவேன். நீங்களும் அன்று அங்கே இருங்கள், போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சுவர் பூசுவதற்கு முன் குழாய், மின்கம்பி ஓடும் வழிகளையும் படம் எடுங்கள். பின்னால் ஆணி அடிக்கும்போது உதவும்.

பணம் கொடுக்கும் முறை இந்தக் கட்டத்தில்தான் பிரச்சினையாகும். முடிந்த வேலையை மதிப்பிட்டுக் கட்டடக் கலைஞர் சான்றிதழ் கொடுப்பார், நீங்கள் அந்தத் தொகையைக் கொடுப்பீர்கள். ஒவ்வொரு முறையும் வழக்கமாகப் பத்து விழுக்காடு பிடித்துவைத்து, மொத்த ஒப்பந்தத் தொகையில் ஐந்து விழுக்காடு சேரும்வரை இப்படியே சேர்த்துவைப்போம். அதுதான் உங்கள் கையில் இருக்கும் பிடி. செய்யாத வேலைக்கு முன்கூட்டிப் பெரிய தொகை கொடுக்காதீர்கள், கேட்பவர் மாமாவாக இருந்தாலும். அடுத்தது மாற்றங்கள். அண்ணன் சாயங்காலம் போய் வேலையாளிடம், "இந்த ஜன்னலைக் கொஞ்சம் பெருசாக்கிடு தம்பி" என்று சொல்லிவிட்டு வரக் கூடாது. எந்த மாற்றமும் கட்டடக் கலைஞர் வழியாக, எழுத்தில், என்ன விலை என்று தெரிந்த பிறகு. குடும்பத்தில் ஒருவர் மட்டும் அவரிடம் பேசுங்கள். உங்கள் மூவரில், இந்தக் கேள்வியை இவ்வளவு தெளிவாக எழுதிய நீங்களே அதற்குச் சரியான ஆள் என்று எனக்குத் தோன்றுகிறது.

வேலை முடியும் நேரத்தில் இரண்டு சான்றிதழ் வரும், இரண்டையும் மக்கள் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, ஒப்பந்தப்படி வேலை முடிந்தது என்று கொன்ட்ராக்டருக்குக் கொடுப்பது. அதோடு பிடித்துவைத்த பணத்தில் பாதி அவருக்குப் போகும், குறை நீக்கும் காலம் தொடங்கும். மற்றது சிசிசி. தண்ணீர், மின்சாரம் கிடைத்து, தேவையான ஜி படிவங்கள் எல்லாம் சேர்ந்த பிறகுதான் அது வரும். சிசிசி இல்லாமல் குடியேறுவது சட்டப்படி குற்றம், தண்டனையும் கடுமையானது. நம்மவர்கள் தை மாதத்தில் நல்ல நாள் பார்த்துக் கிரகப் பிரவேசப் பத்திரிகை அடித்துவிட்டு, அப்புறம் மீட்டர் வரவில்லையே என்று ஓடுவதை நிறையப் பார்க்கிறேன். சிசிசி எப்போது என்று கேட்டுவிட்டுத் தேதி குறியுங்கள்.

கடைசிக் கட்டம் குறை நீக்கும் காலம். வீட்டுக்கு 12 மாதம் எழுதிக்கொள்ளச் சொல்வேன், ஒரு முழு மழைக்காலத்தை வீடு பார்த்துவிடும். கூரைக்குக் கீழே ஈரக்கறை, பூச்சில் மயிரிழை வெடிப்பு, இறுக்கிக்கொள்ளும் கதவு, தண்ணீர் வடியாத குளியலறைத் தரை என்று வர வரத் தேதியோடு எழுதி, படத்தோடு கட்டடக் கலைஞருக்கு அனுப்புங்கள். காலம் முடிவதற்கு முன் அவர் வந்து பார்த்துப் பட்டியல் போடுவார். கொன்ட்ராக்டர் அவற்றைச் சரிசெய்த பிறகுதான் மீதிப் பாதிப் பணம் போகும், கட்டடக் கலைஞரின் கடைசித் தவணையும் அதோடுதான். அந்தத் தவணையைக் கொடுக்கும்போது அவரிடமிருந்து ஒப்புதல் பெற்ற வரைபடம், கட்டியபடி திருத்திய வரைபடம், சிசிசி, ஜி படிவங்களின் நகல், பொறியியலாளர் வரைபடம் எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கேட்டு வாங்குங்கள். நாளைக்குப் பின்பக்கம் ஒரு அறை இழுக்க வேண்டும் என்றாலும், தங்கை தன் பங்கை அண்ணனுக்கு எழுதிக்கொடுக்க நினைத்து வங்கிக்குப் போனாலும், முதலில் இந்தக் கோப்பைத்தான் கேட்பார்கள். மூவரும் ஆளுக்கு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.